ஆடாத படம்

1. சர்ச் விசேஷங்களுக்குப் படம் எடுக்கும் அப்பாவுக்குப் புது கேமரா வாங்கிக் கொடுத்தேன். கை அசைந்தால் உள்ளேயிருக்கும் சென்சார் எதிர்ப்பக்கம் நகர்ந்து ஈடுகட்டும், படம் ஆடாது.

2. லிங்கராஜபுரம் சர்ச்சில் ஒரு ஞானஸ்நானத்தை அப்பா ஃப்ளாஷ், ஸ்டாண்ட் எதுவுமில்லாமல் எடுத்தார். அந்த மங்கலான வெளிச்சத்திலும் குழந்தையின் இமைமயிர் தெளிவாக இருந்தது. நடந்துகொண்டே எடுத்த வீடியோவில் ஒரு குலுக்கல்கூட இல்லை. எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினார்.

3. அன்றே அம்மா போன் செய்தாள். "அப்பாவுக்குக் கை நடுங்குதுடி. டம்ளர் புடிக்கிறப்போ பாக்கறேன்."

4. "வீடியோ பாத்தேம்மா, ஸ்டெடியா இருக்கு. ஒண்ணுமில்ல" என்றேன்.

நான்காவதைச் சொன்ன நான் மென்பொருள் சோதிப்பதைத் தொழிலாகச் செய்பவள். நடுக்கத்தை மறைக்கவே செய்த கருவியை வைத்து நடுக்கம் இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறேன். மறுநாள் ஆபீஸ் பஸ்ஸில்தான் இது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பி.ஜி. விடுதியிலிருந்து வீட்டுக்குப் போய், கேமராவில் ஆட்டத்தை ஈடுகட்டும் அந்த வசதியை அணைத்து, ஜூமை முழுக்க இழுத்து, அப்பாவிடம் கேமராவை நீட்டினேன்.

"எதிர்வீட்டு தண்ணி டேங்க்கை எடுங்கப்பா."

"அதுல என்ன அழகைக் கண்டுட்ட?"

எடுத்தார். திரையில் டேங்க் குதித்தது. சரி, ஒப்பிட்டுப் பார்ப்போம் என்று நானும் எடுத்தேன். அதுவும் குதித்தது. அம்மாவிடம் கொடுத்தேன், டேங்க் படத்திலேயே வரவில்லை.

அப்பா சிரித்தார். "மொதல்ல உங்கம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

அம்மா சிரிக்கவில்லை. "நான் கேமராவப் பத்தியா சொன்னேன்? டம்ளரப் பத்திச் சொன்னேன்."

மூன்று வீடியோக்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அப்பாவுடையது கொஞ்சம் சீராக, ஒரே தாளத்தில் ஆடுவதுபோல் ஒரு முறை தோன்றியது. அடுத்த முறை தோன்றவில்லை. அப்பா காபி குடிக்கும்போது கையைப் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். சூட்டுக்கா, எனக்காகவா?

"அந்த ஸ்டெடி பண்றத திருப்பி ஆன் பண்ணிக் குடும்மா" என்றார். "வர்ற வாரம் சர்ச்சுல கல்யாணம் ஒண்ணு இருக்கு."

ஆன் செய்து கொடுத்தேன்.

நரம்பு மருத்துவரிடம் சனிக்கிழமைக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அப்பா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஏதாவது இருக்கிறதா என்பது எனக்கு இன்னும் தெரியாது.