கொழுந்து வாடிய மாடி

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தின் தேயிலை ஆலையில், தோட்டத்தார் பேச்சில் ஸ்டோரில், கருப்பம்மாவுக்கு மேல்மாடி வேலை. பறித்து வந்த கொழுந்தைச் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட விடுவாள். பச்சை வாசம் மெல்ல மெல்லக் கனிந்த பழவாசமாகும். தொண்ணூற்றாறில் ஸ்டோரை மூடி, இயந்திரங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பல வருடங்கள் மேகம் மட்டும் உடைந்த ஜன்னல்கள் வழியே வந்து போனது.

பிறகு கொழும்புக்காரர் ஒருவர் அதை வாங்கி ஹோட்டலாக்கினார். மேல்மாடி அறைகளாயிற்று, தரைப்பலகை மட்டும் பழையது. அறைகளைத் துப்புரவு செய்யக் கருப்பம்மாவை எடுத்தார்கள்.

"கொழுந்து கெடந்த எடத்துல வெள்ளைக்காரன் படுக்குறான். இப்பவும் விரிக்கிறது நீதான்" என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஒருநாள் மத்தியானம் அறைக்குள் மூடுபனி புகுந்தது. வெள்ளை விரிப்பை உள்ளங்கையால் நீவிக்கொண்டிருந்தாள். ஈரம் பட்ட பலகையிலிருந்து அந்தப் பழவாசம் எழுந்தது. தலையணைக்கு உறை மாட்ட உட்கார்ந்தவள், அப்படியே சாய்ந்து உறங்கிவிட்டாள்.

விழித்தபோது ஜன்னலோர நாற்காலியில் ஒரு பெண் இருந்தார். அந்த அறையில் தங்க வந்த கமலாதேவி. பதுளையில் டொக்டர், யாழ்ப்பாணத்தவர். கருப்பம்மா பதறி எழுந்தாள்.

"அம்மா, மன்னிச்சுக்கங்க! தெரியாம..."

"பயப்பிடாதேங்கோ. நானும் நித்திரை கொள்ளத்தான் இஞ்ச வந்தனான். நித்திரையில சிரிச்சனீங்கள். என்ன கனவு?"

கருப்பம்மா தயங்கினாள். "மாடி முழுக்கக் கொழுந்துங்க. அதுக்கு மேல நடந்து போறேன். கால் பதியவே இல்ல."

கமலாதேவி இன்னொரு நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார். பிறகு இரண்டு பேருக்குத் தேநீர் வரவழைத்தார். கொண்டு வந்தவர் கருப்பம்மாவை வியப்போடு பார்த்தபடியே அவளுக்கும் ஊற்றினார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து வாங்கிக்கொண்டாள்.

அப்போது மூடுபனி விலகியது. வெகு கீழே சமவெளி நீலமாக விரிந்து, குளங்கள் அங்கங்கே மினுங்கின. இந்த மாடியில் இத்தனை காலமும் குனிந்தே நின்றவள் அவள்.

"இம்புட்டுத் தூரமா தெரியுது இங்கேருந்து!" என்றாள்.

விருந்தினரோடு உட்கார்ந்து தேநீர் குடித்ததற்காக மறுநாள் ஹோட்டல் மேற்பார்வையாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். கருப்பம்மா தலையாட்டிக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கண்ணுக்குள் அந்த நீலம் இன்னும் விரிந்துகொண்டே போனது.