விருந்து வரும் பக்கங்கள்

சங்கரன்கோவில் நூலகர் கிருபாபாய் புத்தகம் திருப்பித் தருகிறவர்களிடம் அபிப்பிராயம் கேட்காமல் விடமாட்டாள். பிரெஞ்சுக் கிராமத்துச் சமையல்காரன் ஒருவனைப் பற்றிய வேடிக்கை நாவல் தமிழில் வந்திருந்தது. வாசித்த எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சொன்னார்கள். எண்பத்திரண்டாம் வருஷம் மழை பொய்த்து விளைச்சல் போன பிறகு அதைக் கையில் கொண்டுவந்த குருவிகுளத்து விவசாயி குற்றாலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை.

"பிடிக்கலையா அண்ணாச்சி?"

"நல்ல புத்தகம்தாம்மா. இன்னும் ரெண்டு வாரம் வேணும். பொழுதடஞ்சதும் விருந்து வார பக்கத்தைப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன். கேட்டுக்கிட்டே உறங்கிருதுக. சோறு கேக்கதில்ல."

கிருபாபாய் தவணைத் தேதியை நீட்டிக் குறித்துக் கொடுத்தாள். மறுவாரம் அவ்வூர்க்காரர்கள் இன்னும் மூன்று பேர் அதே நாவலைத் தேடி வந்தார்கள். அன்றைக்கே அவள் வீட்டு அரிசியைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். குருவிகுளத்தில் இறங்கியபோது உலை வைக்கும் நேரம். ஒரு கூரையிலிருந்தும் புகை எழும்பவில்லை.