கராம்பு மரத்திலிருந்து டவருக்கு ஏழு பேர்

டவர் போட இரும்பு கிடைத்துவிடும், சீமெந்து கிடைத்துவிடும். அதன்மேல் ஏறுகிற மனிதனைத்தான் ஊர் ஊராகத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தத் தேடுகிற வேலை என்னுடையது. வேலைக்கு ஆள் கேட்டு அலைந்தவர்களும் ஆளிடம் வேலை கேட்டு அலைந்தவர்களும் இதைப் படித்தால், எனக்கு ஏன் எப்போதும் கவலை தீருவதில்லை என்று நான் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள்.

ஏழாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கைத்தொலைபேசி டவர்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஒரு கொந்தராத்து அலுவலகம் மாத்தளையில் இருக்கிறது. அங்கே தேநீர் ஊற்றத்தான் முதலில் சேர்ந்தேன். இரத்தோட்டையிலிருந்து நாவுல வரை எந்த வீட்டில் யார் வேலையில்லாமல் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும் என்று மெனேஜர் கண்டுபிடித்த பிறகு, ஆள் பிடிக்கும் பொறுப்பைத் தந்தார். போன கராம்புப் பருவத்தில் அவர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: மாதம் முடிவதற்குள் டவரில் ஏற ஏழு பேர் வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு ஏஜென்சி ஒன்று தன் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். அதன் பிறகு ஆள் தேட நான் தேவையில்லை. மறுபடியும் தேநீர் அறைதான்.

கதிரை கேட்டு வந்தவர்கள்

"உயரத்துக்குப் பயப்படாத ஏழு பேர் தேவை" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி பஸ் நிலையத்தில் ஒட்டினேன். மறுநாள் காலை அலுவலக வாசலில் முப்பது பேருக்கு மேல் நின்றார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாருடைய கையிலும் அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகர் கடிதம், பிளாஸ்டிக் உறைக்குள் பள்ளிக்கூடச் சான்றிதழ். சிலர் டை கூடக் கட்டியிருந்தார்கள்.

ஜன்னலைத் திறந்து, பின்னால் நின்ற டவரைக் காட்டி, "இதுலதான் ஏறணும்" என்றேன். பத்து நிமிடத்தில் வாசல் காலியாகிவிட்டது. கடைசியாக நின்றது ஒரு அம்மாவும் அவருடைய மகனும். மகன் டவரைப் பார்த்தான், அம்மா என்னைப் பார்த்தார். "ஏறுறவங்கள ஏற விடுங்க மிஸ். அதுக்குக் கீழ ஒரு கதிரையப் போட்டு உக்காந்து பாத்துக்கிற வேலை ஒண்ணு இல்லையா?"

மரத்தின் மேல் நேர்முகம்

தூக்கம் போய்விட்டது. நாலாம் நாள் இரத்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். இறங்கி நடந்து பாரூக் நானாவின் தோட்டத்தைத் தாண்டும்போது கராம்பு வாசனை வந்தது. அண்ணாந்து பார்த்தால், மரத்தின் உச்சியில், என் கை மொத்தமே இருக்கும் ஒரு கிளையில் நின்றுகொண்டு ஒருவர் கராம்புக் கொத்தை ஒடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருக்கிறார். வெறுங்கால். அடுத்த மரங்களிலும் அப்படியே. எண்ணிப் பார்த்தேன், சரியாக ஏழு பேர்.

முதலில் கண்டவரின் பெயர் முருகேசு. பக்கத்துத் தோட்டத்து லயத்து வீட்டில் இருப்பவர், நாற்பது வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. கராம்புப் பருவம் முடிந்தால் அவருக்கு வேலை இல்லை. "மாதச் சம்பளம், வருஷம் முழுக்க வேலை, டவர் ஏறுறீங்களா?" என்று கீழே நின்று கத்தினேன். "டவர்ல எறும்பு இருக்குமா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். "அப்ப வர்றேன்." மற்ற ஆறு பேரும் "நாங்களும்" என்றார்கள். இத்தனை சுலபமாக ஒருவர் சம்மதித்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். மேலே பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை, மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குப் பயமே இல்லையா?" என்றேன். அவர் குனிந்து பார்த்தார். "மரம் ஏன் இந்த ஆட்டம் ஆடுதுன்னு பாத்தேன். கொஞ்சம் கைய எடுங்கக்கா!"

விழாத பைகள்

அலுவிகாரைப் பக்கம் எங்களுக்கு ஒரு யார்ட் இருக்கிறது. அங்கே பதினைந்து அடி உயரத்தில் பழகுவதற்கு ஒரு சின்ன டவர், கீழே வலை. சோதிப்பவர் பாதுகாப்பு அதிகாரி. எல்லாரும் சேஃப்டி மாத்தயா என்பார்கள், சிங்களத்தில் மாத்தயா என்றால் ஐயா. சிரிக்காத மனிதர், ஆனால் எங்களோடு இருந்து நல்ல தமிழ் பழகியவர். இடுப்பு பெல்ட்டில் இரண்டு கொக்கி உண்டு, ஒன்றைக் கழற்றும்போது மற்றது இரும்பில் மாட்டியிருக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஏழு பேரும் தலையாட்டினார்கள்.

முருகேசு புதுச் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறினார். ஏறினார் என்பதற்குள் மேலே இருந்தார். போனதும் பெல்ட்டிலிருந்து ஒரு கொக்கியைக் கழற்றி, சாவியும் சுத்தியலும் இருந்த ஆயுதப் பையை அதால் இரும்பில் பத்திரமாக மாட்டினார். இரண்டாவது கொக்கியையும் அதே பையில் மாட்டினார். அவர் மட்டும் ஒரு காலைக் கம்பியில் சுற்றிக்கொண்டு காற்றில் உட்கார்ந்தார். பின்னால் போன ஆறு பேரும் அதையே செய்தார்கள்.

பறிப்பவர்களின் பழக்கம் அது. கராம்பு மரத்தில் கொக்கி சாக்குக்குத்தான். சாக்கு விழுந்தால் ஒரு நாள் பாடு புல்லுக்குள் சிதறிப்போகும். ஆளைக் கால் பார்த்துக்கொள்ளும். சேஃப்டி மாத்தயா ஏழாவது ஆள் இறங்கும்வரை அண்ணாந்தபடியே நின்றார். பிறகு தாளில் ஏழு பெயரையும் வெட்டிவிட்டு என்னிடம் சொன்னார்: "ரீட்டா, உங்க ஆளுங்க எல்லாரும் செத்தாலும் பைக்கு ஒண்ணும் ஆகாது."

ஷிரோமியின் ஆறுதல்

மெனேஜரிடம் கெஞ்சினேன். அடுத்த திங்கட்கிழமை இன்னொரு முறை, அதுவே கடைசி என்றார். அவர் மேசையில் ஏஜென்சி அனுப்பிய பட்டியல் கிடந்தது, நிறப் படங்களோடு, சான்றிதழ் எண்களோடு. என் ஆட்களிடம் இருந்தது கிராம சேவகர் கடிதம் மட்டும். எழுத்து வேலை பார்க்கும் ஷிரோமி நல்ல பிள்ளை, வாய்தான் சும்மா இருக்காது. நான் தலையில் கை வைத்திருப்பதைப் பார்த்து, "கவலப்படாதீங்கக்கா. திங்கக்கிழமைக்குன்னு தேயில ரெண்டு பாக்கெட் வாங்கி வச்சிருக்கேன்" என்றாள்.

சாக்கு மனிதர்கள்

சேஃப்டி மாத்தயாவிடம் கையெழுத்துப் போட்டு ஏழு பெல்ட்டும் வாங்கிக்கொண்டு இரத்தோட்டைக்குப் போனேன். அவர்களுக்கு விளக்கம் போதாது, பழக்கம்தான் மாற வேண்டும் என்று எனக்குப் பட்டது. "நாலு நாளைக்கு இந்தப் பெல்ட்டப் போட்டுத்தான் கராம்பு பறிக்கணும். சாக்கு விழுந்தா விழட்டும். இனி நீங்கதான் சாக்கு" என்றேன். முருகேசுவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்து வயசுலருந்து மரம் ஏறுறேன். என்னைய மாடு மாதிரி கட்டணுமா?"

அவரை மடக்கியது நான் இல்லை, அவர் மனைவி லெட்சுமி. மரத்தடியில் சிந்தின கராம்பைப் பொறுக்குகிற பெண்கள்தான் மேலே இருப்பவர்களை ஏசும் உரிமை உள்ளவர்கள். லெட்சுமி இடுப்பில் கைவைத்து நின்றாள். "நீங்க விழுந்தா பொறுக்க வேண்டியது நான்தானே? மாட்டுங்க கொக்கிய!" அதற்குப் பிறகு நாலு நாளும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பெண் நின்றாள். மேலே ஒரு கால் நகர்ந்தால் கீழே "கொக்கி!" என்று சத்தம். முதல் நாள் பாதிச் சாக்கு கூட நிறையவில்லை. மூன்றாம் நாள் சத்தம் குறைந்தது. நாலாம் நாள், கீழே கத்தும் முன்பே மேலே கொக்கி மாட்டும் டக், டக் கேட்டது.

தோட்டத்துச் சொந்தக்காரர் பாரூக் நானா அந்த நேரம் பார்த்து வந்துவிட்டார். மரத்துக்கு ஒரு ஆள் கட்டிக் கிடப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவுத்து விடு தங்கச்சி. றோட்டுல போறவன் பாத்தா, நாந்தான் கட்டிப்போட்டு வேலை வாங்குறேன்னு சொல்லுவான்."

திங்கட்கிழமை

நான் டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றேன். காதை மட்டும் பின்னால் வைத்தேன். டக். ஒரு மூச்சு. டக். முருகேசு ஏறுகிறார். மெனேஜர் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏஜென்சிக்கு மத்தியானம் பதில் சொல்ல வேண்டும். மேலே போனவரைச் சேஃப்டி மாத்தயா வேண்டுமென்றே அவசரப்படுத்தினார்: "சீக்கிரம்! பை விழப்போவுது, பிடி!" தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். வலையில் கிடந்தது பை. முருகேசு இரண்டு கொக்கியும் மாட்டியபடி, சப்பாத்துக் காலோடு, மேலே அப்படியே நின்றார். அசையவில்லை.

ஏழு பேரும் ஏறி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மெனேஜர், "ரொம்ப மெதுவா இல்லையா?" என்றார். சேஃப்டி மாத்தயாவின் முகத்தில் அன்றுதான் பல்லைப் பார்த்தேன். "போன தடவ கள்ளன் மாதிரி ஏறினாங்க சேர், இந்தத் தடவ மாப்பிள்ள மாதிரி ஏறுறாங்க. ஏழு பேரையும் எடுங்க."

கொழும்பிலிருந்து ஒரு அழைப்பு

வேலைக் கடிதம் கொடுத்த அன்று லெட்சுமி தன் பிள்ளைகளையும் கூட்டிவந்து, கடிதத்தை என்னை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள். "நிரந்தரம்" என்ற இடத்தில் விரலை வைத்து மூன்றாவது முறையும் கேட்டாள். இப்போது அந்த ஏழு பேரும் நாவுலப் பக்கம் வயல்களுக்கு நடுவில் ஒரு டவரில் நிற்கிறார்கள். ஆள் தேடும் மேசையில் நான் இருக்கிறேன்.

போன வாரம் தொலைபேசி அடித்தது. எங்களுக்கு ஆள் அனுப்ப இருந்த அதே கொழும்பு ஏஜென்சி. முதலில் சுகம் விசாரித்தார்கள், பிறகு இருமினார்கள், பிறகு தயங்கிச் சொன்னார்கள்: "உங்க ஏழு பேரப்பத்திக் கேள்விப்பட்டோம். எங்களுக்கும் அந்த மாதிரி பத்துப் பேர் தேடித் தருவீங்களா, மேடம்?"

மேடம் என்ற சொல்லைக் கேட்ட சந்தோஷம் ரிசீவரை வைக்கும் வரைதான் இருந்தது, வைத்த கையோடு அந்தப் பத்துப் பேரும் கொக்கி மாட்டுவார்களா என்ற கவலை தொடங்கிவிட்டது.