ஞாயிற்றுக்கிழமைக் குளிசை

கொடிகாமத்துக்குத் தெற்கே, வயலோரக் கிராமம் ஒன்றில் பத்மாசினி இருக்கிறாள். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் செய்யவில்லை. சண்டையால் இடம்பெயர்ந்து கொட்டிலில் இருந்த காலத்தில் தாய் வயிற்றோட்டத்தில் செத்துப்போனாள். அப்போது தம்பி வாகீசனுக்கு ஒன்பது வயது. அவனை வளர்த்ததும், படிப்பித்ததும், உதயகலாவைப் பார்த்துக் கட்டிவைத்ததும் பத்மாசினிதான்.

தாய் போன விதத்தை அவள் மறக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு மாதர் சங்கத்தில் சேர்ந்தாள். மலசலகூடம் இல்லாத பதினொரு வீட்டுக்குக் குழி வெட்ட ஆட்களைத் திரட்டினாள். மழை முடிந்ததும் கிணறு கிணறாகப் போய்க் குளோரின் போட்டாள். டெங்கு நுளம்புக் காலத்தில் தண்ணீர் தேங்கும் சிரட்டையும் பழைய ரயரும் பொறுக்க முதலில் குனிந்தவளும் அவள்தான். "பத்மா சொன்னால் சரி" என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்தது. பக்கத்து ஊரில் இரண்டு பேருக்கு, எலிச் சலம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சல். பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. சுபாங்கன் சங்கத்துக்கு வந்தான். வயலில் இறங்குகிறவர்கள் வாரத்துக்கு ஒருதரம் தடுப்புக் குளிசை போட வேண்டும். முப்பத்தெட்டு வீட்டுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு பத்மாசினிக்கு வந்தது.

"கையில குடுத்தாப் போதாது அக்கா. உங்கடை கண்ணுக்கு முன்னால விழுங்க வேணும். அதுக்குப் பிறகுதான் பேருக்கு நேரை சரி போட வேணும்," என்றான் அவன்.

வாகீசன் அப்போது இருபத்தொரு நாள் பிள்ளையார் கதை விரதம். ஒருநேரச் சாப்பாடு, அதுவும் பின்னேரத்தில். முதல் ஞாயிறு காலை, அக்கா நீட்டிய இரண்டு குளிசையையும் வெறும் வயிற்றில் விழுங்கினான். வயல் வரம்பில் குந்தியிருந்து வாந்தியெடுத்தான். அன்றைக்குப் புல்லுப் பிடுங்கப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு சிரித்துக்கொண்டே சொன்னான்: "வைச்சிட்டுப் போங்கோ அக்கா. பின்னேரம் சாப்பிட்டிட்டுப் போடுறன்."

"மறந்திடாதை தம்பி."

"இல்லை இல்லை."

மழை தூறிக்கொண்டிருந்தது. இன்னும் நிறைய வீடு கிடந்தது. அவள் சரி போட்டுவிட்டு நடந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான் நடந்தது.

விரதம் முடிந்த கிழமையே அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக் காய்ச்சல் என்று பனடோல் போட்டுக்கொண்டு கிடந்தான். ஐந்தாம் நாள் கெண்டைக்கால் நோவில் கத்தினான். கண் இரண்டும் சிவந்திருந்தன. சலம் போவது நின்றிருந்தது. ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"வயலில வேலை செய்யிறவரோ? தடுப்புக் குளிசை போட்டவரோ?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம், ஒவ்வொரு கிழமையும். நான்தான் குடுத்தனான்," என்றாள் பத்மாசினி.

"விழுங்கினதைக் கண்டனீங்களோ?"

பக்கத்தில் உதயகலா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம். கண்டனான்."

மூன்றாம் நாள் விடியக் காலையில் வாகீசன் இறந்தான். நாற்பத்து மூன்று வயது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுக் கிரியை முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு உதயகலா ஒரு பேப்பர் பொட்டலத்தைக் கொண்டுவந்து பத்மாசினிக்கு முன்னால் வைத்தாள். உள்ளே நான்கு குளிசை.

"அவரின்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ள கிடந்தது மச்சாள். போட்டாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது. நீங்கள் கண்டனான் எண்டு சொன்னனீங்கள். நான் நம்பினன்."

உதயகலா எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். அதன் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

மறுநாள் பத்மாசினி பொட்டலத்தையும் பெயர்ப்பட்டியலையும் கொண்டு சுபாங்கனிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஆஸ்பத்திரிக்குக் கதைத்து விசாரித்துப் பார்த்தான்.

"அக்கா, நீங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் டொக்டர்மார் அண்டைக்கே எலிக்காய்ச்சலுக்கு மருந்து ஏத்தத் தொடங்கினவை. உங்கடை தம்பி வந்த நேரம் பிந்திப்போச்சு. சிறுநீரகம் ரண்டும் வேலை செய்யேல்லை."

"இருக்கலாம் தம்பி. ஆனா நான் சரி போட்டனான். பிறகு டொக்டருக்கும் பொய் சொன்னனான். என்னை விட்டிடுங்கோ. வேறை ஆரையும் போடுங்கோ."

"வேறை ஆர் அக்கா முப்பத்தெட்டு வீடும் ஏறி இறங்குவினம்?"

அவள் பட்டியலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆனால் ஒன்று செய்தாள். அடுத்த சங்கக் கூட்டத்தில், சனசமூக நிலையத்தில் நிறைந்திருந்த சனத்துக்கு முன்னால் எழுந்து நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அழவில்லை.

பிறகு பின்வரிசையிலிருந்து பொன்னம்பலம் எழும்பினார். எழுபது வயதிலும் தானே தன் வயலைச் செய்கிறவர்.

"பிள்ளை, என்ரை வீட்டிலையும் ஆறு குளிசை கிடக்கு. நீ பாத்துக்கொண்டு நிக்க வாய்க்குள்ள வைச்சிட்டு, நீ போனாப் பிறகு துப்பி ஒரு சிரட்டைக்குள்ள போட்டனான். வயிறு எரியுது எண்டு."

அவருக்குப் பின் கமலாவதி. அவருக்குப் பின் இன்னும் ஐந்து பேர். எல்லாருக்கும் ஒரே காரணம்: விடியவே வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிரட்டுகிறது, வயல் வேலை கெடுகிறது. இத்தனை நாளும் ஒருவரும் அதை வெளியில் சொல்லவில்லை. பத்மாவின் மனம் நோகும் என்று.

அன்றைக்கே ஏற்பாட்டை மாற்றினார்கள். குளிசை இனிமேல் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. பத்மாசினி சாப்பிட்டு முடித்த வீடாகப் பார்த்துப் போவாள்; முடியாத வீட்டில் முடியும்வரை இருப்பாள். அடுத்த ஆண்டுப் பெரும்போக நெற்செய்கைக் காலத்தில் அந்தக் கிராமத்தில் ஒருவருக்கும் எலிக்காய்ச்சல் வரவில்லை. பாராட்டுக் கூட்டம் என்று பிரதேச செயலகத்திலிருந்து அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.

அந்தப் போகத்தில் தம்பியின் வயலை உதயகலாவே செய்தாள். பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. முதல் ஞாயிறு பத்மாசினி படலையைத் திறந்து போனபோது உதயகலா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு முற்றத்தில் நின்றாள். குளிசையை வாங்கி விழுங்கினாள். தண்ணீரைக் குடித்தாள். பிறகு பத்மாசினியின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து காட்டினாள்.

"உதயா, போதும்," என்றாள் பத்மாசினி.

உதயகலா வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பத்மாசினி பட்டியலை வேலிக் கதியாலோடு சேர்த்துப் பிடித்து, உதயகலாவின் பெயருக்கு நேரே சரி போட்டுவிட்டு அடுத்த வீட்டுப் படலையை நோக்கி நடந்தாள்.