மலைக்கு வா என்ற வீட்டுக்காரர்

சண்டைக் காலம். கொழும்பு வெள்ளவத்தையில் நானும் என் மனுசியும் இருந்தது ஒரு சிங்கள மாத்தயாவின், அதாவது வீட்டுக்கார ஐயாவின், மேல்மாடி அறையில். தமிழர்களுக்கு அறை கொடுத்துக் கொடுத்து அவருக்குத் தமிழ் ஓடும். ஆனால் என்னை ஒருநாளும் உள்ளே வந்து இரு என்று சொன்னதில்லை. ஒரு பங்குனி மாதம் திடீரென்று, "மல்லி, சிவனொளிபாத மலைக்குப் போவமா? துணைக்கு ஆளில்லை" என்றார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

எனக்கு அது பிடிக்கவில்லை. அப்ப அறையில் மனுசியின் தம்பியும் இருந்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். அங்கேயிருந்து வந்து தங்குகிற தமிழர் பொலிஸில் பதிய வேண்டும், அவன் பதியவில்லை. கண்டால் மூன்று பேரையும் ஜீப்பில் ஏற்றுவார்கள். என்னை வெளியே எடுத்துவிட்டு அறையைச் சோதிக்கப் போகிறார்களோ? வரமாட்டேன் என்றாலும் சந்தேகம் வரும். போனேன்.

விடிந்தபிறகு ஏறினோம். அடிவாரத்தில் நல்ல வெயில். கொஞ்சம் ஏற மூடுபனி. பிறகு மழை, திரும்ப வெயில். சட்டை காய முதல் அடுத்த மழை. அவர் எனக்குப் பின்னால்தான் வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார்.

"நீங்கள் முன்னுக்குப் போங்கோ மாத்தயா."

"நீ போ. பின்னுக்கு விட்டா ஓடிடுவாய்." சிரித்தார்.

ஒரு தேத்தண்ணிக் கடையில் ஒதுங்கினோம். தகரத்தில் மழை கொட்டியது.

"மல்லி, மேல எத்தனை பேர் இருக்கிறீங்கள்?"

"நானும் மனுசியும்."

"அப்ப இரவில இருமுறது ஆர்?"

"மனுசிக்குத் தடிமன், சளி."

"ஆம்பிளைக் குரலில இருமுறாவே!"

நான் தேத்தண்ணியைக் குடித்தேன். அவரும் பிறகு கேட்கவில்லை.

உச்சியில் என்ன கும்பிட்டேன் என்று நினைவில்லை. இறங்கினதும், எங்கள் தெருமுனைக் கடைக்கு டெலிபோன் எடுத்து மனுசியைக் கூப்பிடச் சொன்னேன். "இருமுற ஆளைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பு. இப்பவே" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மாத்தயா பக்கத்தில் நின்று கால் கழுவினார். அவருக்குக் கேட்டதோ தெரியாது.

இரவே வீடு வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை பொலிஸ் வந்தது. நேரே மேலே ஏறினார்கள். கட்டிலுக்குக் கீழும் பார்த்தார்கள். மாத்தயா வாசலில் நின்று, "ரெண்டு பேர்தான். நான் பொறுப்பு" என்று சிங்களத்தில் சொன்னார். போய்விட்டார்கள்.

காப்பாற்றத்தான் சொன்னாரோ, பெடியன் போய்விட்டான் என்று தெரிந்துதான் சொன்னாரோ. பொலிசுக்குச் சொன்னது ஆர்? நான் கேட்கவில்லை.

அந்த மாதமே கிருலப்பனையில் வேறு அறை எடுத்தோம். மேல்மாடியிலிருந்து சாமான் இறக்கும்போது கட்டிலின் மற்றப் பக்கத்தை அவர்தான் தூக்கினார்.