செல்வினின் போனுக்கு வந்துகொண்டிருக்கும் எண்கள்

செல்வின் போய்விட்டார்.

தாராவியில் ஜெராக்ஸ் கடையும் இன்டர்நெட்டும் வைத்திருந்த நம் செல்வின். எங்கள் பள்ளிக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக் கொடுத்தவர். வெள்ளிக்கிழமை கடையிலேயே நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது.

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, அடக்கம். செம்பூரிலிருந்து போய்வந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்மார்ட்போன் புதிதாக வந்தபோது அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு ஈமெயில் உண்டாக்கியது செல்வின்தான். ஈமெயில் உண்டாக்கி, கையோடு ஒரு சோஷியல் மீடியா கணக்கும் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி போக ஒரு நம்பர் கேட்குமே, அந்த இடத்தில் எல்லோருக்கும் தன் நம்பரையே போட்டுவிடுவார். நாங்கள்தான் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றிக்கொண்டிருந்தோமே.

எனக்கும் அப்படித்தான். "இது சரியா செல்வின்?" என்று கேட்டேன்.

"நான் எங்க ஓடிப்போவப் போறேன் டீச்சர்? தாராவிய இடிச்சாத்தான் என்னை இங்கிருந்து எடுப்பாவ."

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோனது உங்களில் சிலருக்குத் தெரியும். வலது கையும் போய்விட்டது. எழுதிக் காட்டவும் வழியில்லை.

ஒரு லீவு நாளில் செல்வின் எங்கள் வீட்டுக்கு வந்தார். என் கணவர் போனில் தமிழ் கீபோர்டு போட்டு, எனக்குத் திறந்த அதே தளத்தில் அவருக்கும் ஒரு கணக்குத் திறந்தார். இடது கையின் ஒற்றை விரலால் எப்படித் தட்டுவது என்று பொறுமையாகக் காட்டிக் கொடுத்தார்.

அடுக்களையில் என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தேன். "இவனுக்கு டீ கொடு."

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. "எனக்கும்."

செல்வின் விழுந்து விழுந்து சிரித்தார். "சாருக்கு வாய் வந்ததும் மொதல்ல அதிகாரந்தான் வருது பாத்தீளா."

அதற்குப் பிறகு என் கணவர் இருந்த வரைக்கும் என்னிடம் பேசியதெல்லாம் அதில்தான். உப்பு கம்மி. ஃபேன் போடு. மழை வருது, துணி எடு. ஒருநாள் காரணமே இல்லாமல், "நீ தூங்கு, நான் முழிச்சிருக்கேன்."

இப்போது அந்தத் தளத்தை மூடப் போகிறார்கள். வரும் சனிக்கிழமையோடு சரி. அதற்குள் அவரவர் போட்டோ, மெசேஜ் எல்லாவற்றையும் டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று அறிவித்திருக்கிறார்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள பழைய சால் ஒன்றை இடிப்பதற்கு முன் சாமான்களை எடுத்துக்கொள்ள நாள் கொடுப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான். ஆனால் என் அறையின் சாவி என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது.

போன வாரம் செல்வினைக் கூப்பிட்டேன். என் கணவரின் போன் எப்போதோ பழுதாகிவிட்டது, என் பழைய போனும் உடைந்துவிட்டது, புது போன் பாஸ்வேர்டு கேட்கிறது என்றேன். மூடிய பிறகு உள்ளே இருப்பதெல்லாம் என்ன ஆகும் என்றும் கேட்டேன்.

"அழிச்சிருவோம்னு சொல்லுதாவ. நெசமா அழிப்பாவளோ, மொத்தமா எவனுக்கும் வித்துருவாவளோ, யாரு கண்டா? ஆனா சார் டீ கேட்டத வாங்கி எவன் என்ன செய்யப் போறான்? ஞாயித்துக்கெழம வாங்க டீச்சர். ரெண்டு நிமிஷ வேலை."

நேற்று செல்வின் வீட்டில் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எஸ்தர் அவர் மனைவி. மடியில் செல்வினின் போன். அதைத் திறக்கும் பின் நம்பர் அவளுக்குத் தெரியாது. திரையில் வந்து விழுவது மட்டும் தெரிகிறது.

போன் அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும்.

"ஓடிபியா வந்துக்கிட்டே இருக்கு டீச்சர். யாருக்கோ வேலைய பாதியில விட்டுட்டுப் போயிருக்காரு போல. பேரு வரல. எந்த ஆளு அவருக்காவக் காத்துக்கிட்டு இருக்கோ."

எதிரே உட்கார்ந்திருந்த தெருக்காரர் தன் போனை மெல்லச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

செல்வினின் தம்பி எரிச்சலோடு சொன்னார். "அந்த போன ஆஃப் பண்ணுங்க மைனி. சிம்மையும் கழட்டிருவோம். எவனுக்கு என்ன தெரியப்போவுது."

"இருக்கட்டும்டே," என்றார் எதிரே இருந்தவர், கொஞ்சம் வேகமாகவே. அறையில் இன்னும் இரண்டு மூன்று பேர் தலை நிமிர்ந்தார்கள். பிறகு எல்லோரும் தரையைப் பார்த்தோம்.

நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

எஸ்தர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ஆஃப் பண்ண மாட்டேன். இது அதிரும்போதெல்லாம் அவரு பாக்கெட்டுல கைய விட்டு எடுக்க வர்ற மாதிரியே இருக்கு."

இதற்குப் பிறகு எப்படிக் கேட்பது, சொல்லுங்கள்.

எஸ்தர் மும்பையில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் யாரும் அவளிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று ஒரு பட்டன். அழுத்தினால் அவள் மடியில் போன் அதிரும். உடனே நான் கூப்பிட்டு, அந்த நம்பரைப் படிம்மா என்று கேட்க வேண்டும். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாரே, அந்த ஆள் நான்தான் என்று சொல்ல வேண்டும்.

அழுத்தாவிட்டால் சனிக்கிழமை வந்துவிடும்.

இன்னும் அழுத்தவில்லை...

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னீர்கள் செல்வின். வந்திருந்தேன்.

போய் வாருங்கள்.