சேலை காய்ந்த கேபிள்

கார்த்திகையில், மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் என் வீட்டு இணையம் நின்றுபோனது. விஸ்வநத்தத்தைத் தாண்டி, ஊர் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டும் லேபிள்களை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வடிவமைத்து, சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு அனுப்புவது என் வேலை. தீபாவளியோடு சீசன் முடிந்துவிட்டதால் அந்த நாட்களில் அவசரமாக அனுப்ப எதுவும் இல்லை. நான் தவித்தது வேலைக்காக அல்ல.

எனக்கு இணையம் என்றால் பைத்தியம். நாற்பதை நெருங்கும் ஒரு பெண் இப்படிச் சொன்னால், சீரியல் பார்ப்பாள், சேலை வாங்குவாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் செய்வது வேறு. காலையில் காபி டம்ளரோடு உட்கார்ந்து, உலகத்தின் மறுகோடியில் இருக்கும் ஏதாவதொரு கம்ப்யூட்டருக்கு ‘பிங்’ அனுப்புவேன். ‘இருக்கிறாயா?’ என்று கேட்பது மாதிரி. கண்ணிமைப்பதற்குள் ‘இருக்கிறேன்’ என்று பதில் வரும். போய்வந்த நேரம் திரையில் எண்ணாக விழும். கடலுக்கடியில் போய், பெயர் தெரியாத ஊர்களைத் தொட்டு, எங்கள் கருவேலங்காட்டைக் கடந்து என் மேசைக்குத் திரும்பிய அந்தக் கேள்வியை நினைத்துக்கொண்டே காபியை ஆறவிட்டுவிடுவேன். “நான் கூப்பிட்டா ஏன்னு கேக்க ஆளில்ல, அதுக்கு மட்டும் அம்புட்டுக் கரிசனம்” என்பார் என் கணவர்.

புகார் எண்ணுக்கு அழைத்தால், “ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” என்றார்கள். மூன்று நாளும் அதே கேள்வி. கடைசியில் லைன் பார்க்கும் தம்பியையே பிடித்தேன்.

“எங்கயோ ஒயர் போயிருக்குக்கா. ரெண்டு கிலோமீட்டர் தூரம் பாத்துட்டு வரணும். மழையில நிறைய எடத்துல போயிருக்கு. நான் ஒத்த ஆளு.”

“பாக்குறதுதானே? நான் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஆசை வந்தது. பத்து வருடமாக இணையத்துக்குள்ளேயே கிடந்திருக்கிறேன். அது எந்த வழியாக என் வீட்டுக்கு வருகிறது என்று ஒரு நாளும் நடந்து பார்த்ததில்லை.

மதியச் சாப்பாடு முடிந்ததும் குடையோடு கிளம்பினேன். அந்தப் பக்கம் இணைப்பு வாங்கியிருந்தது நான் மட்டும்தான் என்பதால், பின்தொடர ஒரே ஒரு கறுப்பு ஒயர்தான் இருந்தது. அண்ணாந்து பார்த்தபடி நடந்தேன். கம்பத்திலிருந்து வேப்பமரத்துக்கு, வேப்பமரத்திலிருந்து கம்பத்துக்கு என்று போன ஒயர், ஒரு பட்டாசுத் தொழிற்சாலையின் வேலிக்குள் நுழைந்தது. தீபாவளிக்குப் பிறகு இன்னும் திறக்காத தொழிற்சாலை. வாசலில் வாட்ச்மேன் மட்டும் இருந்தார்.

“உள்ள போயிப் பாத்துட்டு அந்தப் பக்க வாசல் வழியாப் போங்க தாயி. போனை மட்டும் இங்கன வச்சுட்டுப் போங்க. வெடிமருந்து எடம், ஆள் வேலை பாக்காட்டியும் அதான் சட்டம்.”

போனை அவர் மேசையில் வைத்துவிட்டு நடந்தேன். கை எதையோ மறந்துவிட்டது போல முதலில் பரபரத்தது, பிறகு அடங்கிவிட்டது. ஒன்றுக்கொன்று விலகி நின்ற சின்னச் சின்ன வெள்ளை அறைகள்; நடுவில் மரங்கள். அறைகளுக்கு முன்னால் தேங்கிய மழைநீரில் அலுமினியப் பொடி மிதந்து, ஒவ்வொரு குட்டையும் வெள்ளித்தட்டாக மின்னியது. தூறல் விழ விழ வெள்ளி விலகி, மறுபடி கூடியது. எத்தனை நேரம் நின்று பார்த்தேன் என்று தெரியாது. மணி பார்க்கப் போன் இல்லை.

அந்தப் பக்க வாசலைத் தாண்டியதும் ஒரு வரிசை வீடுகள். முதல் வீட்டின் முன்னால் ஒயர் கீழே இறங்கி வந்தது. அதில், தூறல் விட்டதும் விரித்துப் போட்ட நான்கு சேலைகளும் ஒரு போர்வையும் காய்ந்துகொண்டிருந்தன. போர்வையின் கனத்தில் ஒயர் இடுப்பு உயரத்துக்குத் தொங்கியது.

ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா, வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது நீங்க கட்டுன கொடியா?”

“நான் எங்க கட்டுனேன்? காத்துல அந்துபோனது கணக்காத் தொங்கிக் கெடந்துச்சு. நல்லா வழுவழுன்னு இருக்கேன்னு ஆணியில இறுக்கிச் சுத்தி வச்சேன். ஏன் தாயி?”

“எங்க வீட்டுக்கு வர்ற நெட்டு ஒயருக்கா இது.”

கீரையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். “ஐயையோ, கரண்டா?”

“கரண்டு இல்ல. இதுக்குள்ள கண்ணாடி இழை ஒண்ணு இருக்கு, தலைமுடி கணக்கா. அதுல வெளிச்சம் போகுது. இப்படி இறுக்கி வளைச்சா வெளிச்சம் நின்னுபோகும்.”

அவர் ஒயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “முப்பது வருசமா வெடியாபீசுல வேலை பாக்குறேன். வெளிச்சம் மேல போகும், செதறும், அணைஞ்சுபோகும். ஒயருக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஓடுற வெளிச்சத்தை நான் பாத்ததில்லையே.”

லைன் தம்பியை அழைக்க அந்த அக்கா தன் போனை நீட்டினார். அப்போதுதான் அவமானமாக இருந்தது. ரூட்டரின் முகவரி எண்கள் எனக்கு மனப்பாடம். ஒரு மனிதரின் போன் நம்பர்கூட நினைவில் இல்லை. திரும்பவும் வெள்ளிக்குட்டைகளைக் கடந்து வாட்ச்மேனிடம் போய், என் போனில் பேசிவிட்டு வந்தேன். அதற்குள் அக்கா சேலைகளை எடுத்து மடித்து, எனக்குக் கடுங்காபியும் போட்டு வைத்திருந்தார்.

தம்பி வந்தபோது நாலரை மணி. மேகம் கவிந்து இருட்டிக்கொண்டு வந்தது. “இதைப் போயி கொடியாக் கட்டுவாகளா?” என்று அவன் சத்தம் போட, அக்காவின் முகம் சுருங்கியது. “அவுகளுக்கு எப்படித் தெரியும்? தொங்கவிட்டது நாமதானே?” என்றேன். அவன் தன் பையைத் திறந்தான்.

இணையத்தின் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதது. அதனால் கோளாறு தேட, பேனா போன்ற ஒரு கருவியால் சிவப்பு வெளிச்சத்தை ஒயருக்குள் விடுவார்கள். அவன் அடுத்த கம்பத்துப் பெட்டியில் அதைச் சொருகினான். ஆணியில் சுற்றியிருந்த இடத்தில், ஒயரின் கறுப்புத் தோல் வெடித்திருந்த கீற்றில், மாதுளை முத்து அளவில் ஒரு சிவப்பு துளிர்த்தது.

வரிசை வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். “கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்காதீக” என்று தம்பி கம்பத்திலிருந்து கத்தினான். அக்கா மெதுவாகத் தன் உள்ளங்கையை அதன் மேல் கவித்தார். விரலிடுக்குகள் சிவந்தன. “சுடவே இல்ல” என்றார், என்னிடம் மட்டும் சொல்வது போல. அந்தச் சிவப்பு அணையும்வரை அங்கேயே நின்றோம்.

தம்பி அந்தத் துண்டை வெட்டி, இழையை ஒட்டி, ஒயரை வேப்பங்கிளைக்கு உயர்த்திக் கட்டினான். அக்காவும் நானும் சுவருக்கும் மரத்துக்கும் ஒரு நைலான் கயிறு கட்டினோம். வீட்டுக்கு வந்தபோது இணையம் வந்திருந்தது. ஏனோ அன்று எதையும் திறக்கத் தோன்றவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணிக்கு அந்த அக்கா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். எண்ணெய் தடவி வாரிய தலை, தழையச் சூடிய கனகாம்பரம்.

“அம்புட்டுத் தூரம் நடந்து வந்து தேடுனீகளே, அதுல அப்படி என்னதான் பாக்குறீகன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

பிங் அனுப்பிக் காட்டினேன். எண்களை மரியாதையோடு பார்த்தார்; அவ்வளவுதான். பிறகு, ஊர்களில் தெருவோரம் வைத்த கேமராக்கள் நேரலையாகக் காட்டும் ஒரு பக்கத்தைத் திறந்தேன். ஜப்பானின் வடக்கில் ஒரு சின்ன ரயில் நிலையம். அங்கே மதியம் தாண்டியிருந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“இது படமா?”

“இல்லக்கா. இப்ப, இந்த நிமிசம் அங்க விழுற பனி.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நிலையத்திலிருந்து ஒருவரும் வெளியே வரவில்லை, உள்ளே போகவில்லை. பனி மட்டும் சத்தமில்லாமல் இறங்கியது. வெகுநேரம் கழித்து, சிவப்புக் கம்பளிக்குல்லா போட்ட ஒரு பெண் வெளியே வந்து, குடையை விரிக்க முடியாமல் காற்றோடு மல்லுக்கட்டினாள்.

அக்கா திரையை நோக்கிச் சாய்ந்தார். “காத்துக்கு முதுகைக் காட்டி விரி தாயி” என்றார்.

அந்தப் பெண் திரும்பி நின்றாள். குடை விரிந்தது.